அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் உடம்புக் கொழுப்பை அளக்க முடியுமா?

பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 22தான், ஆனாலும் வயிறு தள்ளுகிறது, திருகோணமலையில் ஸ்கான் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அளக்க முடியும். ஒலியலை கொழுப்பும் தசையும் சேரும் எல்லையில் பட்டுத் திரும்பும்; அதை வைத்துத் தோலடிக் கொழுப்பின் தடிப்பை மில்லிமீட்டரில் சொல்லலாம். ஜெல்லைத் தாராளமாகப் பூசி, கருவியை மெல்ல வைக்க வேண்டும். கொஞ்சம் அமுக்கினாலே கொழுப்பு நசுங்கி அளவு குறைந்துவிடும்.

நீரிழிவோடு அதிகம் தொடர்புள்ளது உள்வயிற்றுக் கொழுப்பு. அதற்கு வயிற்றுத் தசையின் உட்புறத்திலிருந்து பெருந்தமனி வரை அளப்பார்கள். சாதாரண வயிற்று ஸ்கானில் இதையெல்லாம் பொதுவாக எழுத மாட்டார்கள். ஈரலில் கொழுப்பு தெரிந்தால் குறிப்பார்கள், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் உவர்மலைத் தையல்காரரின் டேப்பே முதலில் போதும். இடுப்புச் சுற்றளவு தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால் கிளினிக்குக்குப் போய்ச் சீனியும் பிரஷரும் பாருங்கள்.