அரிசி பீர் என்றாலும் மால்ட்டைப் பாருங்கள்

தம்பி, சீலியாக் (குளூட்டன் என்ற தானியப் புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) உள்ள உங்கள் அண்ணன் புதுச்சேரி வரும்போது ‘அரிசி சேர்த்த பீர்’ குடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். அரிசி சேர்த்தாலும் அடிப்படை பார்லி மால்ட்தான், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி. அதிலுள்ள ஹோர்டீன் என்ற புரதம்தான் அவரைப் படுத்தும் குளூட்டன். கடையில் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘மால்ட்’ என்றிருந்தால் அப்படியே வைத்துவிடுங்கள். கோதுமை பீர் பக்கமே போக வேண்டாம்.

நொதி போட்டுக் ‘குளூட்டன் குறைத்தது’ என்று விற்பதும் பார்லியில் செய்ததே. புளித்த பீரில் மிச்சமிருக்கும் குளூட்டன் துணுக்குகளைச் சோதனை சரியாகக் காட்டாது. நான் அதை நம்பமாட்டேன். சோளம், கம்பு, அரிசியில் மட்டும் காய்ச்சி, ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டதை வாங்கலாம்; கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான் அதற்கு வரம்பு. நேரு வீதிப் பக்கம் தேடியும் கிடைக்கவில்லையென்றால் திராட்சை ஒயின் போதும். என் தங்கைக்கும் இதே நோய். ஒரு கிளாஸ் பீருக்கு மூன்று நாள் சுருண்டு கிடந்தாள்.