வாசகர் கேள்வி–பதில்: 18 வயதில் மகுடம்

கேள்வி: 'விக்டோரியா' தொடரில் இளம் ராணிக்கும் பிரதமர் மெல்போர்னுக்கும் இடையே காதல் இருந்ததுபோலக் காட்டுகிறார்கள். உண்மையா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: பற்று உண்மை, காதல் கற்பனை. 1837 ஜூன் 20இல் அரியணை ஏறியபோது விக்டோரியாவுக்கு 18 வயது, மெல்போர்னுக்கு 58. எட்டு மாதக் குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்தவர் விக்டோரியா. முடிசூட்டு நாளில் மெல்போர்ன் தன்னைத் தந்தையைப் போலப் பரிவோடு பார்த்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மெல்போர்னின் வீட்டுக்கே போய் ராணி மனதைத் திறக்கும் காட்சி தொடருக்காக எழுதப்பட்டது. மெல்போர்னாக நடித்த ரூஃபஸ் சீவெல் அப்போது ஐம்பதைத் தொடாதவர் என்பதால் வயது வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. தேதிகளை முன்பின் மாற்றுவதை மன்னிக்கலாம். இதை அப்படி விட முடியாது. அடுத்த கேள்விக்கான அரசியலையே இது மறைத்துவிடுகிறது.

கேள்வி: ராணியின் தோழிப் பெண்களை மாற்றச் சொன்னதற்காக ஓர் அரசாங்கமே அமையாமல் போகுமா? – வாசகர், மதுரை

பதில்: போனது. அந்தத் 'தோழிகள்' பணிப்பெண்கள் அல்லர்; பெரும்பாலும் மெல்போர்னின் விக் கட்சியைச் சேர்ந்த பிரபுக்களின் மனைவியரும் உறவினரும். 1839 மே மாதம் ஜமைக்கா தீவின் ஆட்சி பற்றிய மசோதாவில் வெறும் 5 வாக்கு வித்தியாசத்தில் தப்பிய மெல்போர்ன் பதவி விலகினார். அரசமைக்க அழைக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் ராபர்ட் பீலுக்கு மக்களவையில் பெரும்பான்மை கிடையாது. ராணியின் நம்பிக்கை தனக்கு இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட, அந்தப் பெண்களில் சிலரையாவது மாற்றும்படி கேட்டார். ராணி ஒருவரைக்கூட விட மறுக்க, பீல் ஒதுங்கினார். மெல்போர்ன் மேலும் இரண்டு ஆண்டு நீடித்தார். 1841இல் பீல் தேர்தலில் ஜெயித்து வந்தபோது ராணியின் கணவர் ஆல்பர்ட் முன்கூட்டியே பேசிவைத்திருந்ததால் மூன்று பெண்கள் தாங்களாகவே விலகினார்கள். இதைக் காதல் கதையாகப் பார்த்தால் பீல் வில்லனாகத் தெரிவார். அவர் கேட்டது நியாயமானது.

கேள்வி: இதுபோன்ற தொடர்களில் உடைகள் காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகி, கோவை

பதில்: முதலில் சட்டையின் கையைப் பாருங்கள். 1830களின் தொடக்கத்தில் தோளருகே பலூன்போல உப்பியிருந்த கை, 1836–37இல் மேல்பகுதியில் மடிப்பு வைத்து ஒடுக்கப்பட்டது. தளர்வு முழங்கைப் பக்கம் இறங்கியது. 1840களில் கை முழுக்க ஒட்டித் தைத்தார்கள்.

பிறகு பாவாடை. எஃகு வளையக் கூண்டு 1856இல்தான் வந்தது. அதற்கு முன் விரிவுக்காகக் கஞ்சி போட்ட உள்பாவாடைகளை அடுக்கடுக்காக உடுத்தினார்கள். குதிரைமுடி சேர்த்து நெய்த உள்பாவாடையும் உண்டு. நடக்கும்போது பாவாடை முழுதாக ஒரு பக்கம் சாய்ந்து எழும்பினால் உள்ளே வளையம் இருக்கிறது. கனத்துத் தொங்கி, காலோடு நகர்ந்தால் சரியாகச் செய்திருக்கிறார்கள். செயற்கைச் சாய ஊதாவும் 1856க்குப் பிறகே வந்தது.

அதிகம் மீறப்படும் விதி கழுத்து. தோள் தெரியும் உடை மாலை விருந்துக்கு மட்டும். பகலில் கழுத்தும் கையும் மூடியிருக்கும். பகல் காட்சியில் தோள் தெரிந்தால் அது பெரும்பாலும் அழகுக்காகச் செய்தது.

ஓவியங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். விக்டோரியா அரியணை ஏறியதும் நடத்திய முதல் ஆலோசனைக் கூட்டத்தை வரைந்த ஓவியர் டேவிட் வில்கி, ராணிக்கு வெள்ளை உடை போட்டார். அன்று ராணி அணிந்தது பெரியப்பா நான்காம் வில்லியமின் மறைவுக்கான கறுப்புத் துக்க உடை.

கேள்வி: வீட்டில் 1840 என்று போட்ட வெள்ளி ரூபாய் இருக்கிறது. அதில் உள்ள பெண் இவர்தானா? – வாசகர், காரைக்குடி

பதில்: இவரேதான், மகுடமில்லாத இளவயது முகம். கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்ட நாணயம். எடை சுமார் 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். அதே ஆண்டுப் பொறிப்போடு பல ஆண்டுகள் அச்சடித்ததால் அரிதானது அல்ல. மகுடம் சூடிய உருவம் 1862இல் வந்தது. 'பேரரசி' பட்டம் 1877 முதல். எடை நன்றாகக் குறைந்தாலோ காந்தத்தில் ஒட்டினாலோ போலி. புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள், சேகரிப்பவர்களிடம் விலை விழுந்துவிடும்.