வெயில் தின்ன மரத்தை உரித்துப் பூசுவது: கேள்வி பதில்

பொள்ளாச்சி: தெற்குப் பார்த்த தேக்கு நிலைக்கதவுங்க. வார்னிஷ் தோல் தோலா உரியுது, உள்ள மரம் சாம்பலா இருக்குது. அது மேலயே இன்னொரு கோட்டு அடிச்சா நிக்குமா?

நிக்காதுங்க. மரநாரைக் கட்டி வெச்சிருக்கிற லிக்னினை வெயில் அரிச்சிருச்சு. அந்தச் சாம்பல் தோல் செத்த நார். அது மேல எதை அடிச்சாலும் நாரோட சேர்ந்து வந்துரும். நல்ல மரம் தெரியற வரைக்கும் போகணும்.

தாழ்ப்பாள், குமிழைக் கழட்டி, கதவைக் கீல்ல இருந்து இறக்கி வாசல்ல படுக்க வைங்க. அடைச்ச ரூம்ல ரிமூவர் (பழைய பூச்சை இளக்கி உரிக்கிற மருந்து) வேலையே வேண்டாம். ரிமூவரைக் கெட்டியா ஒரே திசையில பூசி, பாலித்தீன் தாளால மூடி அரைமணி நேரம் விடுங்க. மூடலைன்னா நம்ம வெயில்ல அஞ்சு நிமிசத்துல காஞ்சிரும். முனை மழுங்கின புட்டி பிளேடால நார்ப்போக்குல வழிங்க. பூவேலை இருந்தா தேங்காய் நாரோ நைலான் பிரஷ்ஷோ போதும். இரும்பு நார் கூடவே கூடாது. அதுல உதிர்ற துணுக்கு தேக்குல கரும்புள்ளியாகும். அப்புறம் டர்பன்டைன்ல துடைச்சு ஒரு நாள் காயட்டும்.

சாம்பல் நிறம் போக, ஒரு லிட்டர் சுடுதண்ணிக்கு 60 கிராம் ஆக்சாலிக் ஆசிட். பிளாஸ்டிக் வாளிதான். திட்டா வராம இருக்க, கதவு முழுக்க நனைங்க. 20 நிமிசம் கழிச்சு மூணு தண்ணி ஊத்திக் கழுவுங்க. இது விஷம்ங்க. கையுறை, கண்ணாடி வேணும், குழந்தைங்க பக்கத்துல வரக்கூடாது. நிழல்ல மூணு நாள் காஞ்சதும் 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120. அதோட நிறுத்துங்க. 220 போட்டு வழுவழுன்னு ஆக்கினா எண்ணெய் உள்ள இறங்காது.

பூசறதுக்குக் காவி நிறம் கலந்த ஆயில் ஸ்டெயின், அதாவது மரத்துக்குள்ள இறங்கற எண்ணெய்ப் பூச்சு. நிறமில்லாத பூச்சுல வெயில் அப்படியே ஊடுருவிப் போயிரும். தடுக்கிறது அந்த நிறத்தூள்தான். ஏழடிக்கு மூணரையடிக் கதவுக்கு, ரெண்டு பக்கமும் சேர்த்து, ஒரு கோட்டுக்கு அரை லிட்டர் ஆகும். பூசி 15 நிமிசத்துல மிச்சத்தைத் துடைச்சிருங்க, இல்லைன்னா பிசுபிசுன்னு நிக்கும். மறுநாள் ரெண்டாவது கோட்டு. கதவோட அடிவிளிம்பை மறக்காதீங்க. யாரும் பூசறதில்லை, தண்ணி ஏறுறதே அது வழியாத்தான்.

துடைச்ச துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. ஸ்டெயின்ல இருக்கிற லின்சீட் (ஆளிவிதை) ஆயில் காயறப்ப சூடு கிளம்பும், சுருட்டின துணி தானாவே தீப்பிடிக்கும். விரிச்சுக் காயவைங்க, இல்லைன்னா தண்ணியில முக்கி வைங்க.

பல்லடம்: ஆடி மாசம் வேலையை ஆரம்பிக்கலாமுங்களா?

வேண்டாங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல ஈரப்பூச்சு மேல மண்ணு ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை. தை, மாசிதான் தோது. உச்சிவெயில்ல மட்டும் பூசாதீங்க.

தாராபுரம்: காஸ்டிக் சோடாவுல கழுவுனா சீக்கிரம் வந்துரும்னு பெயின்டர் சொல்றாரு.

வரும், தேக்கு கறுத்தும் போகும். ஏற்கெனவே கழுவியாச்சுன்னா மேல சொன்ன ஆக்சாலிக் தண்ணிதான் மருந்து.

உடுமலை: லேசாத் தேச்சுட்டு பழைய வார்னிஷ் மேலயே அடிச்சா?

பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்னதேதான். கூடாது.

காங்கேயம்: இத்தனை செலவு எதுக்குங்க? எங்கப்பாரு காலத்துல இருந்து பட்டிப் படலுக்கும் திண்ணைத் தூணுக்கும் கழிவு ஆயில்தான். கரையான் அண்டறதில்லை.

தண்ணி ஒட்டாதுங்கிறது நெசம், ஒத்துக்கறேன். ஆனா அது எப்பவும் காயாது. தூண்ல சாஞ்சவங்க துணியெல்லாம் கறை. அதுல இஞ்சின் தேஞ்ச உலோகத்தூளும் எரிஞ்ச எண்ணெயோட நஞ்சும் இருக்குது. மாடு படலை நக்கும், உரசும். மாட்டை இவ்வளவு பாத்துப் பாத்து வளர்க்கிற ஊர்ல இதைப் பூசாதீங்கன்னு கையெடுத்துக் கேட்டுக்கறேன்.

வெள்ளகோவில்: காங்கேயத்து அண்ணன் சொல்றதுல தப்பில்லைங்க. கழிவு ஆயில் வேண்டாம்னா முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிக்கலாமே?

அது வேற சங்கதி. முந்திரிக்கொட்டை எண்ணெய் காஞ்சு இறுகும், பூச்சியும் அண்டாது. ஓட்டுக்கூரைச் சட்டத்துக்கு நல்லது. ஆனா தோல்ல பட்டா கொப்புளிக்கும், மரமும் கருத்திரும். கை படற தூணுக்கும் கதவுக்கும் வேண்டாம்.

காங்கேயம்: ஏற்கெனவே கழிவு ஆயில் அடிச்ச தூணை என்னங்க பண்றது?

டர்பன்டைன் நனைச்ச துணியால துடைச்சு, சுண்ணாம்புப் பொடியைக் குழைச்சுப் பூசிக் காயவிட்டுச் சுரண்டுங்க. எண்ணெயை அது உறிஞ்சும். மூணு நாலு தடவை ஆகும். அப்பவும் ஆழத்துல இருக்கறது முழுசா வராது. அந்தத் தூணுக்குப் பெயின்ட் ஒட்டாது, ஆயில் ஸ்டெயின் மட்டும் முயற்சி பண்ணுங்க.

ஈரோடு: தாத்தா கட்டின வீட்டு ஜன்னல், பச்சைப் பெயின்ட். ஹீட் கன் வெச்சு எடுக்கலாமா?

வேண்டாம். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும். ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்துல 90 பங்கு) வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். சூடு காட்டினா புகை, காய்ஞ்சபடி தேச்சா தூசு, ரெண்டும் மூச்சுல போகும். தண்ணி தொட்டுத் தேய்ங்க, உதிர்றதைத் தார்ப்பாய்ல அள்ளிக் கட்டுங்க. கைக்குழந்தை இருந்தா வேலை முடியற வரை வேற வீட்டுல இருக்கட்டும்.

நாமக்கல்: உரியற வார்னிஷ் மேலயே மெலமைன் அடிச்சா?

மூணாவது தடவைங்க. மேலயே எதையும் அடிக்காதீங்க. மெலமைன் வீட்டுக்குள்ள இருக்கிற மரத்துக்கு, வெயில்ல வெடிக்கும். எண்ணெய்த் துணி விஷயத்தையும் மறுபடி படிங்க.

கோபி: வேங்கை நிலையில இருந்து மழைக்கு மஞ்சத்தண்ணி வடிஞ்சு சுவரெல்லாம் கறை.

வேங்கைச் சாயம் தண்ணியில கரையும். நிலையோட அடி, தலைமாட்டு வெட்டுமுனை ரெண்டுலயும் ஸ்டெயினை மூணு கோட்டு, ஈரம் காயறதுக்குள்ள அடுத்ததுன்னு குடிக்கிற அளவுக்குக் கொடுங்க. சுவரை அதுக்கப்புறம் அடிங்க, முன்னாடி இல்லை.