டி-ஷர்ட்டுக்குப் படம் வெட்டுவதெல்லாம் ஒரு வேலையா?

பள்ளி முடித்த பையன் கல்லூரி விண்ணப்பத்தைத் தொடாமல் ராத்திரி 11 மணி வரைக்கும் பிரிண்டர் முன்னால் உட்கார்ந்து டி-ஷர்ட்டுக்குப் படம் வெட்டிக்கொண்டிருக்கிறான், இவனை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் திட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் செய்வதைக் கொஞ்சம் பாருங்கள்.

டிரான்ஸ்ஃபர் பேப்பரில், அதாவது சூட்டில் படத்தைத் துணிக்கு மாற்றும் தாளில், படத்தை அடித்து அப்படியே துணியில் வைத்து அழுத்தினால், படத்தைச் சுற்றி உள்ள காலி இடமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். கறுப்புச் சட்டை என்றால் வெள்ளைக் கட்டமாகப் பளிச்சென்று தெரியும், வெளிர் நிறச் சட்டையில்கூட விறைப்பாக ஒரு படலம் நிற்கும். அதனால்தான் படத்தின் ஓரத்தை ஒட்டியே வெட்ட வேண்டியிருக்கிறது. கத்தரிக்கோலால் வெட்டினால் கை நடுக்கம் அத்தனையும் சட்டையில் தெரியும். கட்டிங் பிளாட்டர், அதாவது கணினியில் போட்ட கோட்டின் மேல் பிளேடை ஓட்டும் இயந்திரம், என்ன செய்கிறது என்றால், தாளின் மூலைகளில் அச்சான கறுப்புக் குறிகளை ஒரு சென்சாரால் தேடிப் படித்து, தாள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப வெட்டுகிறது. அதுவும் மேலே உள்ள படலம் மட்டும் அறுபட வேண்டும், அடித்தாளில் பிளேடு இறங்கக் கூடாது. இதைத்தான் கிஸ் கட் என்கிறார்கள். பிளேடு கொஞ்சம் கூடுதலாக இறங்கினாலும் தாள் கிழியும், குறைந்தால் படலம் உரிந்து வராது.

பட்டனை அமுக்க யாருக்கும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது, வெட்டு தப்பிப்போகும்போது பையன் என்ன செய்கிறான் என்பதுதான். எல்லாப் படத்திலும் ஒரே பக்கம், ஒரே அளவு வெள்ளை ஓரம் தெரிந்தால் சென்சாரைத்தான் சரிசெய்ய வேண்டும். ஒரு மூலையில் சரியாக இருந்து, எதிர் மூலைக்குப் போகப்போக விலகல் கூடினால், பிரிண்ட் கொடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை நீக்கிவிட்டு 100 சதவீத அளவில் அடிக்க மறந்திருக்கலாம், அல்லது தாள் உருளையில் வழுக்கியிருக்கலாம். குறியையே படிக்கவில்லை என்றால் மை காய்ந்ததா, தாளின் மினுமினுப்பு சென்சாரைக் குழப்புகிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் பையன் இப்படிக் காரணத்தைத் தேடுகிறானா, இல்லை அடுத்த தாளைச் செருகிவிட்டு அதிர்ஷ்டத்தைப் பார்க்கிறானா? முதல் ரகம் என்றால் தைரியமாக இருங்கள், அந்தப் புத்தி எந்த ஆலையிலும் எந்த ஆய்வகத்திலும் விலைபோகும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டி-ஷர்ட் அச்சில் இப்போது டிடிஎஃப் வந்துவிட்டது, படத்தை ஒரு பிளாஸ்டிக் படலத்தில் அடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றும் முறை அது. அதில் மையும் பசைத்தூளும் படம் உள்ள இடத்தில் மட்டும்தான் நிற்கும், ஓரம் வெட்டும் வேலையே இல்லை. ஆகவே இந்தப் பேப்பரை வெட்டுவதை மட்டும் நம்பி வாழ்க்கையைக் கட்ட வேண்டாம் என்று அவனிடம் நேராகவே சொல்லுங்கள். ஆனால் ஸ்டிக்கர், லேபிள், பெட்டி மாதிரிகள், வண்டிகளில் ஒட்டும் வினைல் என்று அச்சடித்து ஓரம் வெட்டும் வேலை வேறு இடங்களில் ஏராளம். அங்கெல்லாம் கேட்கும் திறமை ஒன்றே, சுத்தமான வெக்டர் கோடு, அதாவது புள்ளிகளை இணைத்துக் கணினியில் வரையும் கோடு, போடத் தெரிவது. மென்பொருளே தானாக ஓரத்தைத் தடம் பிடித்து டிரேஸ் செய்த படத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் குவிந்து கிடக்கும், பிளேடு ஒவ்வொன்றிலும் தடுக்கித் தடுக்கிப் போகும். அதே வளைவைப் பத்துப் பன்னிரண்டு புள்ளியில் முடிக்கிறவன் கை தனி. வெட்டுக்கோட்டைப் படத்தின் விளிம்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் போல உள்ளே தள்ளி வைத்தால் சின்ன விலகல் கண்ணுக்கே தெரியாது என்பதெல்லாம் அனுபவத்தில் வருவது. இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் இலவசம்தான், அதில் தினமும் ஒரு மணி நேரம் கையால் கோடு போடட்டும்.

கல்லூரியை விட வேண்டாம். அச்சுத் தொழில்நுட்பம், கிராஃபிக் டிசைன், ஆடை வடிவமைப்பு, ஏன் இயந்திரவியல் டிப்ளமோகூட இதற்குப் பக்கத்து வீடு மாதிரி, அவனுக்கு எது ஒத்துவரும் என்பதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், கார்ட்டூன் பாத்திரங்களையும் பிரபலங்களின் முகத்தையும் அனுமதி வாங்காமல் அடித்து விற்கிறானா என்று மட்டும் கேட்டு வையுங்கள், பின்னால் தொல்லை தருவது அதுதான்.

அடுத்த முறை அவனையும் கூட்டி வாருங்கள். வீணாய்ப்போன தாள்களைத் தூக்கிப் போடாமல் ஒவ்வொன்றின் பின்னாலும் ஏன் கெட்டது என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மதிப்பெண் பட்டியலை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.