பழைய பைப்பைத் தேய்க்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓஹையோவில் வசிக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமானபின் அவர் வீட்டுப் பொருட்களை விற்றார்கள். அதில் புகைபிடிக்கும் பைப் (சுங்கான்) ஒன்று வாங்கினேன். பருத்த மரம், மேலெல்லாம் கீறியது போன்ற பள்ளங்கள். கழுத்தில் ‘கஸ்டம்’ என்பது மட்டும் மங்கலாகத் தெரிகிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ட்ரேசி மின்சர் தொடங்கிய ‘கஸ்டம்-பில்ட்’ பிராண்டின் பைப்பாகத்தான் இருக்கவேண்டும். இண்டியானாபொலிஸ்காரர், 1934இல் ஆரம்பித்தார். ‘கஸ்டம்-பில்ட்’ என்று நடுவில் ஒரு சிறுகோட்டோடு முத்திரை இருந்தால் அது சுமார் 1946 வரையிலான காலத்தது. அதன்பின் கோடு போய் ஒரே சொல்லானது. ஐம்பதுகளில் அந்தப் பெயர் அவர் கையைவிட்டுப் போய், எழுபதுகளில் நியூயார்க்கின் வாலி ஃப்ராங்க் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆக, பைப்பின் வயதைச் சொல்வது அந்தக் கோடுதான். உப்புத்தாள் நாலே இழுப்பில் அதை அழித்துவிடும். இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், மங்கிய எழுத்தும் தெரியும்.

அப்புறம் அந்தப் பள்ளங்கள். மரத்தின் குறையை மறைக்கத்தான் கீறினார்கள் என்று சில சேகரிப்பாளர்கள் அலட்சியமாகச் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். இத்தகைய பைப்புகளைச் செய்யும் மரமான பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்துப் புதர் ஒன்றின் வேர்முண்டு. தண்டும் வேரும் சேருமிடத்தில் மண்ணுக்குள் புடைத்து வளர்வதால் உள்ளே பொடிக்கல்லும் ஓட்டையும் இருக்கும். வழவழப்பான பைப்புகள் பலவற்றில் அதை மக்கு வைத்து அடைத்திருப்பார்கள். மின்சரோ மறைக்க வந்த கீறலையே பைப்பின் உருவமாக்கிவிட்டார். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. எனக்கு மக்கு வைத்த வழவழப்பைவிட இதுதான் பெரிது. அதைச் சமன்செய்துவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் மரக்கட்டை.

வார்னிஷும் வேண்டாம். ஈரம் லேசாகப் பட்ட துணியால் துடையுங்கள், முத்திரைப் பக்கம் அழுத்தாமல். புகையிலை வைக்கும் கிண்ணத்துக்குள் கரி தடித்திருந்தால் மட்டும் சுரண்டுங்கள். மெல்லிய படலம் இருந்தால் இருக்கட்டும்.

கை துறுதுறுத்தால் ஸ்டெம்மை, அதாவது வாயில் வைக்கும் குழலைத் தேயுங்கள். அது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பராக இருந்தால் வெளிச்சம் பட்டுப் பழுப்பேறியிருக்கும். மிக நைசான தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் கறுப்பு திரும்பும். கழுத்தோடு சேரும் விளிம்பில் மட்டும் தாளை வைக்காதீர்கள். அது மழுங்கினால் மூட்டில் இடைவெளி தெரியும், அப்புறம் சரிசெய்வது கஷ்டம்.

அன்புடன்