வணக்கத்துக்குரிய மேயர்

கேள்வி: மாமன்றக் கூட்டங்களில் 'வணக்கத்துக்குரிய மேயர் அவர்களே' என்று விளிக்கிறார்கள். கடவுளுக்கு உரிய வணக்கத்தை, வாக்குப் பெற்றுப் பதவிக்கு வந்த ஒருவருக்குச் சூட்டுவது முறையா?

பதில்: வணக்கம் என்றாலே வழிபாடு என்று கொண்டதால் எழுந்த கேள்வி இது. வணங்குதல் என்பதற்கு வளைதல் என்றே முதற்பொருள். 'சொல்வணக்கம் ஒன்னார்கண் கொள்ளற்க வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்' என்னும் குறளில் (827) பகைவன் பணிந்து பேசுவதும் வணக்கம், அம்பு தொடுக்க வில் வளைவதும் வணக்கம். இரண்டிலும் தெய்வத்துக்கு இடமில்லை. எதிர்ப்படுகிறவருக்கெல்லாம் நாம் சொல்லும் வணக்கமும் அத்தகையதே.

ஆயினும் அந்தச் சொல் உங்களை உறுத்துவதில் நியாயம் உண்டு. 1688-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நத்தேனியல் ஹிக்கின்சனை முதல் மேயராகக் கொண்டு சென்னையில் மாநகராட்சியைத் தொடங்கியது. பதவியும் அதன் பெயரும் இங்கிலாந்து நகரங்களின் மாதிரியில் வந்தவை. அங்கே மேயருக்கு வழங்கும் 'வொர்ஷிப்ஃபுல்' என்ற அடைமொழியைத்தான் தமிழில் 'வணக்கத்துக்குரிய' என்று பெயர்த்தார்கள். அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் 'வொர்த்', அதாவது தகுதி, மதிப்பு. வழிபாடு என்ற பொருள் பின்னால் ஏறி முன்னதை மறைத்துவிட்டது. லண்டனின் மீன் வணிகர் சங்கமும் பொற்கொல்லர் சங்கமும் இன்றும் அதே அடைமொழியைத் தாங்கி நிற்பது பழைய பொருளுக்குச் சான்று. ஆகவே பெயர்த்தவர்கள் சொல்லின் பிற்காலப் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே என் கருத்து; 'மதிப்புக்குரிய' என்று எழுதியிருந்தால் மூலத்துக்கும் பொருந்தியிருக்கும், உங்களுக்கும் ஐயம் எழுந்திராது.

எந்தச் சொல்லை வைத்தாலும் அந்த மதிப்பு நாற்காலிக்கு உரியது. மாமன்றத்தில் தலைமை ஏற்று அமர்ந்திருப்பவரை நோக்கி உறுப்பினர் சொல்லும்போது அது முறையான விளி. அதையே ஒருவருடைய பெயரோடு சேர்த்துச் சுவரொட்டியில் அச்சிடுவதும், பதவிக்காலம் முடிந்த பின்னும் அவருக்கு வழங்குவதும் பிழை.

என்னை உண்மையில் வருத்துவது 'மாநகரத் தந்தை' என்ற வழக்கு. தாரா செரியன் என்ற பெண்மணி 1950-களிலேயே சென்னையின் மேயராக இருந்திருக்கிறார்; அதன் பிறகும் அந்தப் பதவிக்கு ஆண்பாற்பெயரை வைத்து எழுதுகிறோம். 'வணக்கத்துக்குரிய' என்பதில் அந்தக் குறையாவது இல்லை.