நாயின் கண்ணில் தாள் துண்டு வைப்பது எதற்கு?

பட்டர்வொர்த்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: கண் சிவந்த ஷீ சூ நாயைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனால், உடனே மருந்து தராமல் இத்தனை சோதனை தேவையா?

தேவைதான். சிவப்பு ஒன்றுதான், காரணம் பல.

தாள் துண்டு கண்ணீரை அளக்க. கீழ் இமைக்குள் ஒரு நிமிடம் வைப்பார்கள். நாய்க்கு 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டும். 10-க்குக் கீழே போனால் கண் வறட்சி. பூனைக்குப் பயத்திலேயே அளவு குறைந்துவிடும். சொட்டு மருந்து எதையும் விடுவதற்கு முன்பே இதைச் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு தப்பும்.

அப்புறம் கண் அழுத்தம். 25 mmHg-க்கு மேல் ஏறினால் கிளௌகோமாவாக, அதாவது கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கெடுக்கும் நோயாக, இருக்கலாம். ஓரிரு நாளில் பார்வையே போய்விடலாம். அளக்கும்போது கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அழுத்தம் பொய்யாகக் கூடும்.

பச்சைச் சாயம்தான் மிக முக்கியம். கருவிழியில் புண் இருந்தால் சாயம் அங்கே ஒட்டி, நீல விளக்கில் பளிச்சென்று தெரியும். ஷீ சூவுக்குக் கண் துருத்தியிருப்பதால் புண் சுலபமாக வரும். அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு சொட்டு விட்டால் கருவிழி ஓட்டையாகும் அளவுக்குப் போகலாம். தயவுசெய்து வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை நீங்களாக விடாதீர்கள்.

கண்மணியை விரிய வைத்து விழித்திரையைப் பார்ப்பது கடைசியில்தான், அதுவும் அழுத்தம் சரியாக இருந்தால்.